‘கலப்பு’ யாருடைய சொல்? – திருப்பருத்திக்குன்றத்தை முன்வைத்து

காஞ்சிபுரத்தைப் பற்றிய சுற்றுலாக் கையேடுகளில், கோயில் பட்டியலின் கடைசியில், ‘நேரமிருந்தால்’ என்கிற தோரணையில் இடம்பெறும் ஊர் திருப்பருத்திக்குன்றம். அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலைப் பற்றி இரண்டு மூன்று வரிகள் இருக்கும். பல்லவ, சோழ, விஜயநகரப் பாணிகளின் கலப்பு. சமணமும் இந்து மரபும் ஒன்றுகலந்த இடம். மத நல்லிணக்கத்துக்குச் சான்று. இன்னும் ஒருபடி மேலே போய் ‘தொன்மையான இந்துக் கோயில்’ என்று போட்டுவிடுகிறவர்களும் உண்டு. இந்தக் கடைசிப் பிழையைத் திருத்துவது சுலபம். கருவறையில் இருப்பவர் வர்த்தமானர், அதாவது மகாவீரர். ஊருக்குப் பழைய பெயர் ஜினகாஞ்சி. முடிந்தது. நான் பேச விரும்புவது அதற்கு முன்னால் நிற்கிற, யாரும் பிழையென்று நினைக்காத, காதுக்கும் இதமான அந்த ஒரு சொல்லைப் பற்றி: கலப்பு.

இந்தச் சொல்லை நாமும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். 1992 டிசம்பர் 6-க்குப் பிறகு தமிழில் எழுதிய பலரும் ஒற்றைப் பண்பாடு பேசுகிறவர்களுக்கு எதிராகப் பன்மை, கலப்பு, ஊடாட்டம் என்கிற சொற்களைத்தான் கையில் எடுத்தார்கள். ஹோமி பாபாவின் ‘பண்பாட்டின் இருப்பிடம்’ 1994-இல் வெளிவந்த பிறகு அதற்கு ஒரு கோட்பாட்டு அந்தஸ்தும் கிடைத்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சொல் நமக்கு உதவியிருக்கிறது. தூய்மை பேசுகிறவனிடம் ‘உன் கோயில்லயே நாலு பேர் கை இருக்கு’ என்று சொல்ல முடிந்தது. ஆனால் நாம் எதிர்ப்பாகச் சொல்கிற சொல்லையே சுற்றுலாக் கையேடும் சொல்கிறது. எல்லாம் இந்துதான் என்கிறவரும் அதையே, அதே புன்னகையோடு சொல்கிறார். மூன்று பேர் வாயிலும் ஒரே சொல் இத்தனை சௌகரியமாக உட்காருகிறது என்றால் அந்தச் சொல்லை நிறுத்தி, நீ யாருக்கு வேலை செய்கிறாய் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பிள்ளையார்பாளையத்தின் தறிச் சத்தத்தைக் கடந்து, வேகவதியைத் தாண்டினால் ஊர். வேகவதியை ஆறு என்று சொல்வது மரபு கருதித்தான். ஊர்ப் பெயரில் பருத்தி இருக்கிறது, வழியெல்லாம் பட்டு. ஆட்டோக்காரருக்கு என்மேல் கொஞ்சம் பரிதாபம். “ஜெயின் கோயிலா சார்? அங்க யாரும் போறதில்லையே. ஏகாம்பரநாதர் பாத்துட்டீங்களா?” என்று இரண்டு முறை கேட்டார்.

அங்கே இருப்பவை இரண்டு கோயில்கள். சந்திரப்பிரபர் கோயில் சிறியது, பல்லவர் காலத்தது. அதன் சுவர்த்தூண்களில் எழுந்து நிற்கும் சிங்கங்களைப் பார்த்தால், கைலாசநாதர் கோயிலைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குப் பழகின முகத்தைப் பார்த்தது மாதிரி இருக்கும். பெரியது திரைலோக்கியநாதர் கோயில். வர்த்தமானர், புஷ்பதந்தர், தர்மதேவி ஒரு தொகுதி; பத்மப்பிரபர், வாசுபூஜ்யர், பார்சுவநாதர் இன்னொரு தொகுதி. வர்த்தமானர் கருவறையின் பின்புறம் யானை முதுகுபோல் வளைந்திருக்கிறது, தூங்கானைமாடம். சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. முன்னால் சங்கீத மண்டபம், 1387-88-இல் இருகப்பன் என்கிற விஜயநகரத் தண்டநாயகன் கட்டியது. அதன் கூரை முழுக்க ஓவியங்கள். இப்போது கண்ணுக்குத் தெரிவன பெரும்பாலும் 16, 17-ஆம் நூற்றாண்டுகளுக்குரியவை. துறவிகள் தங்கிய முனிவாசம், தல மரமாகிய குரா. இவை எதுவும் புதிய செய்தியல்ல. டி.என். ராமச்சந்திரன் 1934-இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாக இந்தக் கோயில்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். ஒரு சின்ன ஊருக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது. தமிழில் அதற்கு இணையாக ஒன்றும் பரவலாக வாசிக்கப்படவில்லை என்பது தனிக்கதை.

இதில் எது எதோடு கலந்திருக்கிறது? கோபுரம், பலிபீடம், பிராகாரம், விமானம், மண்டபம் எல்லாம் இந்துக் கோயிலின் சொத்து, சமணர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள் என்பதுதான் ‘கலப்பு’ என்கிற சொல்லுக்குள் இருக்கிற கணக்கு. அந்தக் கணக்கை நேர்மையாகப் போட்டால் என்ன ஆகும்? பின்புறம் வளைந்த கட்டட வடிவத்தை இந்தியாவில் முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியவர்களில் பௌத்தர்கள் உண்டு. கார்லே முதலான குடைவரைச் சைத்தியங்களே சாட்சி. அதே வடிவம்தான் மாமல்லபுரத்துச் சகாதேவ ரதத்தில் இருக்கிறது, திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிலில் இருக்கிறது, திருவொற்றியூரில் இருக்கிறது. திருவொற்றியூர்க் கோயிலை ‘சைவமும் பௌத்தமும் கலந்த கட்டடக்கலை’ என்று எந்தக் கையேடாவது எழுதியிருக்கிறதா? எழுதாது. சைவக் கோயில் சைவக் கோயிலாகவே இருக்கிறது. சமணக் கோயில் மட்டும் கலப்பாகிவிடுகிறது. பெரிய கட்சி எதை எடுத்துக்கொண்டாலும் அது அதன் மரபு. சின்னக் கட்சி கையில் இருப்பதெல்லாம் இரவல்.

இந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தவர்களில் ஜேம்ஸ் ஃபெர்குசன் முக்கியமானவர். 1876-இல் வெளிவந்த அவருடைய இந்தியக் கட்டடக்கலை வரலாறு, கட்டடங்களைப் பௌத்தம், ஜைனம், திராவிடம், சாளுக்கியம் என்று மதத்தையும் இனத்தையும் வைத்துப் பகுத்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காரன் தலைகளை எண்ணிய அதே காலத்தில், அதே மனத்தோடு, கட்டடங்களும் மதவாரியாக எண்ணப்பட்டன. ஒவ்வொரு மதத்துக்கும் ஒரு தூய பாணி உண்டு என்று முதலில் வைத்துக்கொண்டால்தான், அந்தப் பாணி இன்னொரு மதத்தின் கட்டடத்தில் தட்டுப்படும்போது ‘கலப்பு’ என்று வியக்க முடியும். ஆக, கலப்பு என்கிற சொல் தூய்மைக்கு எதிரி இல்லை, தூய்மையின் கணக்குப்பிள்ளை. பிற்கால ஆய்வாளர்கள் பாணி என்பது வட்டாரத்துக்கும் காலத்துக்கும் கல்லுக்கும் தச்சனுக்கும் உரியது, மதத்துக்கு உரியதல்ல என்று காட்டிவிட்டார்கள். தொண்டை மண்டலத்தில் 14-ஆம் நூற்றாண்டில் கல் தட்டத் தெரிந்தவன் எப்படித் தூண் செதுக்குவானோ அப்படித்தான் செதுக்கினான், கூலி கொடுத்தது எந்த மதமாக இருந்தாலும். கையேடுகளுக்கு மட்டும் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

சங்கீத மண்டபத்துக் கூரையின் கீழே நின்றிருந்தபோது, குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர் கழுத்தை வளைத்துப் பார்த்துவிட்டு மகளிடம் சொன்னார்: “பாத்தியா, கிருஷ்ணர்! இங்கயும் இருக்காரு பாரு. எல்லாம் ஒண்ணுதாம்மா.” அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் கிடையாது. அவர் பார்த்ததும் நிஜம். ரிஷபதேவர் கதை, வர்த்தமானர் கதை, இவற்றோடு கிருஷ்ணனின் பிறப்பும் கோகுலத்து விளையாட்டுகளும் அங்கே வரையப்பட்டிருக்கின்றன. பல இடங்களில் மங்கியும் உதிர்ந்தும் கிடக்கின்றன. சில பகுதிகள் பிற்காலத்தில் மேலே தீட்டப்பட்டவை. பட்டைகளுக்கிடையே விளக்க எழுத்துகளும் உண்டு. ஆனால் எழுத்தை யார் வாசிக்கிறார்கள்? படம் தெரிந்த முகமாக இருந்தால் போதும், கதையையும் தெரிந்த கதையாகவே எடுத்துக்கொள்கிறோம்.

கதை அதுவல்ல. சமணப் புராணத்தில் கிருஷ்ணன் இருபத்திரண்டாம் தீர்த்தங்கரரான நேமிநாதரின் நெருங்கிய உறவினன். அங்கே அவன் கடவுள் கிடையாது. அறுபத்து மூன்று சலாகா புருஷர்களில், அதாவது பெருமக்களில், ஒருவன், ஒன்பதாவது வாசுதேவன். எதிரியான ஜராசந்தனைக் கொல்வது அவனுக்கு விதிக்கப்பட்ட வேலை. அந்தக் கொலையின் வினைப்பயனும் அவனுக்கு விதிக்கப்பட்டதுதான். செத்தபின் மூன்றாம் நரகத்துக்குப் போகிறான். அங்கிருந்து மீண்டு, வரப்போகிற ஒரு யுகத்தில்தான் தீர்த்தங்கரனாவான். நேமிநாதரோ தன் கல்யாண விருந்துக்காகக் கட்டிப்போட்டிருந்த விலங்குகளின் கதறலைக் கேட்டு, மணமேடைக்குப் போகாமலே துறவியாகிறார். கொல்வதைத் தவிர்க்க முடியாத வீரனையும் கொலையைக் கண்டு திரும்பிப் போன இளைஞனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கிறது இந்தக் கதை. பாகவதத்துக்குச் சொல்லப்பட்ட பதில் இது, கொஞ்சம் காரமான பதில். கடவுளாக வணங்கப்படுகிறவனை எடுத்து, அவன் பெருமையைக் குறைக்காமல், அவன் செய்த கொலைக்கு மட்டும் கணக்குக் கேட்டு, நரகத்துக்கு அனுப்பிவைக்கிற துணிச்சல். ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று சொன்ன கணத்தில் இந்தத் துணிச்சல் முழுக்கக் காணாமல் போகிறது. ஒரு விவாதம் அலங்காரமாக மாறிவிடுகிறது.

இன்னொரு செய்தியையும் இந்த மண்டபத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும். இது கட்டப்படுவதற்கு 19 வருஷங்களுக்கு முன்னால், 1368-இல், சரவணபெளகொளாவில் ஒரு கல்வெட்டு வெட்டப்பட்டது. வைணவர்கள் தங்களுக்கு இழைக்கும் அநியாயத்தைப் பற்றிச் சமணர்கள் புக்கராயரிடம் முறையிட்டார்கள். அரசர் சமணர்களின் கையைப் பிடித்து, பதினெட்டு நாட்டு ஸ்ரீவைஷ்ணவர்களின் கையில் வைத்து, இரண்டு தரிசனங்களுக்கும் பேதமில்லை, இவர்களை நீங்கள் காக்க வேண்டும் என்று ஒப்படைத்தார். அப்படி ஒப்படைக்கப்பட்ட வைணவத் தலைமைப் பீடங்களில் ‘பெருமாள் கோயில்’ ஒன்று. பெருமாள் கோயில் என்றால் வைணவ வழக்கில் காஞ்சி. திருப்பருத்திக்குன்றத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வரதராசர் கோயில்.

மத நல்லிணக்கத்துக்கு உதாரணமாக அடிக்கடி காட்டப்படும் கல்வெட்டு இது. நல்லிணக்கத்தை மறுக்க வரவில்லை. நடந்தது நடந்ததுதான், அரசன் அந்தப் பக்கம் சாயாமல் இருந்ததும் பெரிய விஷயம்தான். ஆனால் விவரங்களைப் பாருங்கள். சமணர்களுக்கு முன்போலவே உண்டு என்று அரசர் உறுதி செய்து கொடுத்த உரிமைகள் எவை? ஐந்து பெரும் வாத்தியங்களும் கலசமும். அதாவது மேளம் வாசிக்கலாமா, கலசம் வைக்கலாமா என்பதே அன்றைக்கு சச்சரவு. இன்றைக்குக் கையேட்டுக்காரர் எதையெல்லாம் ‘இந்துக் கூறுகளின் கலப்பு’ என்று சாவதானமாக எழுதுகிறாரோ, அதற்குச் சமணர்கள் அரசனிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. இரண்டாவது விவரம் பணம். நாட்டிலுள்ள சமண வீடு ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு பணம் கட்ட வேண்டும். அதை வைத்துப் பெளகொளாவின் கடவுளுக்கு இருபது காவலாட்களை வைணவர் தரப்பு நியமிக்கும். மிச்சத்தில் ஜினாலயங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். காப்பாற்றப்படுகிறவனே காவலுக்குக் கூலியும் கொடுக்கிற ஏற்பாடு. கை கையின் மேல் வைக்கப்பட்டது என்கிறோம். எந்தக் கை மேலே, எந்தக் கை கீழே என்று கேட்பதில்லை.

இந்தப் பின்னணியில்தான் 1387-88-ஐ வாசிக்கிறேன். இருகப்பன் சமணன், தண்டநாயகன் வைசயனின் மகன், இரண்டாம் ஹரிஹரனின் ஆட்சியில் அதிகாரத்தின் உச்சத்தில் இருந்தவன். 1382-இல் மகேந்திரமங்கலம் என்கிற ஊரை இந்தக் கோயிலுக்குக் கொடுத்தான். 1385-86-இல் தலைநகரான விஜயநகரத்திலேயே குந்து ஜினநாதருக்குக் கோயில் எடுத்தான். (அந்தக் கோயிலுக்கு இன்றைய பெயர் கானிகிட்டி, எண்ணெய்க்காரியின் கோயில், தண்டநாயகன் பெயர் போய் எண்ணெய்க்காரி நின்றது எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.) அதன்பிறகு தன் குரு புஷ்பசேனரின் சொற்படி இங்கே ஒரு மண்டபம். சங்கீத மண்டபம். வாத்தியத்துக்கு உரிமை உண்டா இல்லையா என்ற வழக்கு அரசன் முன்னால் போய் இருபது வருஷம்கூட ஆகவில்லை. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று ஆதாரம் காட்ட என்னால் முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு சமணன், காஞ்சியில், இசைக்கென்று கல்லில் இத்தனை பெரிய மண்டபத்தை எழுப்புவதை வெறும் பக்தியாகவோ பாணிக் கலப்பாகவோ வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. உரிமையைக் கல்லில் எழுதி வைத்துக்கொள்கிற ஒரு காரியமாகவும் அது இருந்திருக்கலாம். விஜயநகர அரசர்கள் தங்களை ‘இந்து அரசர்களின் சுல்தான்’ என்று அழைத்துக்கொண்டவர்கள். அந்த ‘இந்து’வுக்குள் இருகப்பன் இருந்தானா, பக்கத்தில் இருந்தானா?

கேள்வி பழையது என்று தள்ளிவிட முடியாது. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவின் இரண்டாம் விளக்கம், அந்தப் பிரிவின் குறிப்பிட்ட ஒரு பகுதியில் ‘இந்து’ என்பது சீக்கியர், சமணர், பௌத்தர்களையும் உள்ளடக்கும் என்கிறது. 1955-ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டம் சமணர்களுக்கும் பொருந்தும். தமிழ்நாட்டின் 1959-ஆம் வருஷத்து அறநிலையச் சட்டத்தைத் திறந்தால் இன்னும் வேடிக்கை. முதல் பிரிவின் விளக்கம் இந்து சமய நிறுவனங்கள் என்பதில் சமண நிறுவனங்கள் அடங்கா என்கிறது. அடுத்த பிரிவே, அரசு விரும்பினால் அறிவிக்கை ஒன்றின் மூலம் சட்டத்தைச் சமண நிறுவனங்களுக்கும் நீட்டிக்கலாம் என்கிறது. வாசலில் ‘நீ வேறு’ என்று சொல்லி, நடைக்குள்ளே ‘தேவைப்பட்டால் நீயும்தான்’ என்று சொல்லும் வீடு. 2014 ஜனவரியில் சமணர்கள் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டார்கள். சட்டத்தின் ஒரு ஏட்டில் வேறு, இன்னொரு ஏட்டில் ஒன்று. கலப்பு என்கிற சொல்லின் நிர்வாக வடிவம் இது என்று நினைக்கிறேன். எப்போது சேர்ப்பது, எப்போது பிரிப்பது என்கிற முடிவு சேர்க்கப்படுகிறவர் கையில் இல்லை.

கலப்பை விட்டால் வேறு சொல் இருக்கிறதா? திரும்பி வரும் வழியில் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்காரரிடம் நின்றேன். கோர்வைச் சேலை நெய்துகொண்டிருந்தார். உடல் ஒரு நிறம், இரண்டு கரையும் வேறு நிறம். மூன்று நாடா, ஒவ்வொரு ஊடைக்கும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று கொக்கிபோட்டுக்கொண்டு தத்தம் பக்கம் திரும்பிவிடும். சேர்ந்த இடம் பல்பல்லாகக் கண்ணுக்குத் தெரியும். இழுத்துப் பார்த்தால் பிரியாது. நிறம் ஒன்றில் ஒன்று கலக்குமா என்று அசட்டுத்தனமாகக் கேட்டு வைத்தேன். “கலந்தா சாயம் ஓடிடுச்சுன்னு அர்த்தம் சார். வியாபாரி திருப்பி அனுப்பிடுவான்” என்றார்.

உடனே இந்த உவமையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. கலப்பு வேண்டாம், கோர்வை போதும். இணைந்தும் நிறம் மாறாமல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கோர்வைத் தறியில் மறுமுனையில் நாடா வாங்கிப் போடத் துணையாள் ஒருவர் வேண்டும். காஞ்சிபுரத்தில் பல காலம் அந்தத் துணையாள் குழந்தைதான். முன்பணத்துக்குப் பிணையாகத் தறியில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. ஆக, கோர்வையும் அப்பாவியான சொல் இல்லை. யார் நாடாவை எறிகிறார், யார் வாங்குகிறார், யாருக்குக் கூலி என்ற கேள்வி அங்கேயும் உண்டு. பல்லவன் சிம்மவர்மனின் பள்ளன்கோவில் செப்பேடு, 6-ஆம் நூற்றாண்டில், பருத்திக்குன்றத்து வச்சிரநந்திக் குரவருக்கு அமண்சேர்க்கை என்கிற ஊரைப் பள்ளிச்சந்தமாகக் கொடுக்கிறது. ஊரைக் கொடுத்தார்கள் என்றால் ஊரிலிருந்த உழவனின் உழைப்பையும் சேர்த்துத்தானே. அகிம்சை பேசிய பள்ளிக்கு நெல் எங்கிருந்து வந்தது? சமணத்தைப் பலியாடாக மட்டும் வைத்துப் பேசுவது நமக்கும் சௌகரியம், அதற்கும் சௌகரியம்.

இந்த இடத்தில் நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை. முற்போக்குத் தமிழுக்குச் சமணம் என்றால் பெரும்பாலும் கழுவேற்றம். பெரியபுராணத்து எண்ணாயிரத்தைச் சொல்லி சைவத்தை அடிப்போம். வரலாற்றில் அது நடந்ததா என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை; ஆனால் நடந்ததாகச் சொல்லி மகிழ்ந்திருக்கிறார்கள், சுவரில் வரைந்திருக்கிறார்கள். அந்த மகிழ்ச்சியை விசாரணைக்கு உட்படுத்துவது நியாயமானதே. மயிலை சீனி. வேங்கடசாமி ‘சமணமும் தமிழும்’ எழுதியது 1954-இல். அந்த வேலையின் அருமையைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதியில்லை. என் குறை வேறு. கழுவேற்றத்தைப் பேசிப் பேசி, சமணரைச் செத்துப்போனவராகவே பழக்கிவிட்டோம். வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பக்கம் நயினார்கள் இருக்கிறார்கள். மேல்சித்தாமூரில் மடம் இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கும் வீடுகள் இருக்கின்றன. சென்னைக்கு வேலைக்கு வந்த அவர்களில் ஒருவர் வாடகை வீடு தேடும்போது முதலில் சொல்ல வேண்டியிருக்கும் வாக்கியம்: “நாங்க சேட்டு இல்லீங்க, தமிழ்தான்.” சைவர் தன் கதையில் அவரைக் கொன்றார், நாம் நம் கதையில் பிணமாகவே வைத்திருக்கிறோம். அவர் நெல் அறுத்துக்கொண்டிருக்கிறார்.

பன்மையைப் பேசுவதற்கு இணக்கத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை என்று திருப்பருத்திக்குன்றமே ஒரு சாட்சி தருகிறது. மேருமந்தர புராணம் எழுதிய வாமன முனிவரையும் நீலகேசிக்கு ‘சமய திவாகரம்’ என்கிற உரை எழுதியவரையும் இந்த ஊரோடு, புஷ்பசேனரின் குருவோடு, பொருத்திப் பார்க்கிறார்கள் ஆய்வாளர்கள். நீலகேசி, வாதம் செய்யும் காப்பியம். பழையனூர் நீலி என்கிற பேய், துறவியைப் பயமுறுத்த வந்து, தானே சமணத்தைத் தழுவி, ஊர் ஊராகப் போய் வாதாடுகிறது. பௌத்தரோடு, ஆசீவகரோடு, சாங்கியரோடு, வேதவாதியோடு, கடைசியில் உலகாயதனோடு. (நாட்டார் நீலியைச் சமணம் எடுத்துத் தனக்குப் பேச வைத்துக்கொண்டதையும் கவனிக்கலாம். விழுங்குவது ஒரு கட்சியின் ஏகபோகம் அல்ல.) இதில் பௌத்தத்தின் குண்டலகேசியை நீலகேசி கடுமையாகத் தாக்குகிறது. குண்டலகேசிக் காப்பியம் இன்று நமக்கு முழுசாக இல்லை, தொலைந்துவிட்டது. அதில் என்ன இருந்தது என்று கொஞ்சமாவது தெரிகிறதென்றால், நீலகேசியும் அதன் உரையும் மறுப்பதற்காக அதை எடுத்துச் சொல்லி வைத்ததும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் நீலகேசியை உரையோடு பதிப்பித்தார். எதிரியின் வாதமும் அதோடு அச்சேறியது. மறுக்க வேண்டுமானால் எதிராளி சொன்னதைச் சரியாகச் சொல்ல வேண்டும். ‘எல்லாம் ஒன்றே’ என்பவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. பேதமில்லை என்று சொல்லிவிட்டால் எதையும் எழுதிவைக்கத் தேவையில்லை.

கடைசியாக ஒரு நடைமுறை யோசனை. அந்தக் கூரை ஓவியங்களை நிமிர்ந்து பார்க்கிறவருக்குத் தமிழில், எளிய சொற்களில், கதை சொல்லும் பலகை ஒன்று கீழே வேண்டும். நேமிநாதர் யார், விலங்குகள் ஏன் கதறின, நீலாஞ்சனை ஆடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்ததைக் கண்டு ரிஷபர் என்ன நினைத்தார், கிருஷ்ணன் இவர்களுக்கு என்ன உறவு, செத்தபின் எங்கே போனான் என்று. நான்கு படத்துக்கு நான்கு வாக்கியம் போதும். ‘எல்லாம் ஒண்ணுதாம்மா’ என்று சொன்ன அந்தத் தகப்பனார் அதை வாசித்துவிட்டு மகளிடம் என்ன சொல்வார் என்று யோசித்துப் பார்த்தேன். சிரித்துக்கொண்டு தாண்டிப் போகலாம். யாரிடமாவது புகார் கொடுக்கலாம். உட்கார்ந்து கொலைக்கும் கடவுளுக்கும் என்ன சம்பந்தம் என்று பேச ஆரம்பிக்கவும் செய்யலாம். நல்லிணக்கம் பேசும் அரசும் அமைப்புகளும் பலகையில் ‘மூன்றாம் நரகம்’ என்கிற இரண்டு சொற்களை விட்டுவைப்பார்களா, அல்லது ‘இரு மரபுகளின் கலப்பு’ என்று திருத்தித் தருவார்களா?